மெயினை ஆஃப் செய்ய அனுமதி கோரி

தன் வாயை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைத்து மூன்று மாதம் கழிந்த பிறகுதான், அதைத் திரும்பக் கேட்பதற்கும் ஒரு படிவம் உண்டு என்பது ஃப்யூஸ் அண்ணனுக்குத் தெரியவந்தது. படிவம் எண் பதினொன்று. நான்கு பக்கம்.

அவர் வயர்மேன். இருபத்தாறு வருடம் வீடு வீடாகப் போய் வயர் இழுத்தவர். நான்கு வருடத்துக்கு முன்னால் இடுப்புப் பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்துக் கிடந்தார். சும்மா கிடக்கமாட்டாமல் கைப்பேசியைத் தலையணையில் சாய்த்துவைத்து, பிளக்கில் மூன்றாவது கால் எதற்கு என்று ஆறு நிமிடம் பேசி வலையில் போட்டார். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். இத்தனை பேர் இது தெரியாமலேயே இத்தனை காலம் உயிரோடு நடமாடியிருக்கிறார்கள் என்று நினைக்க அண்ணனுக்குப் படுக்கை கொள்ளவில்லை. அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு வீடியோ. ஃப்யூஸ் அண்ணன் என்ற பெயர் பார்க்கிறவர்கள் வைத்தது. அவரைக் கேட்டு யாரும் வைக்கவில்லை.

வீடியோவின் கீழே ஆட்கள் கேள்வி கேட்பார்கள். அண்ணன் ஒன்று விடாமல் பதில் எழுதுவார். பதில்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். தொடாதே. முதலில் மெயினை ஆஃப் பண்ணு. ஈரக்கையோடு எவனாவது போவானா? இந்த மூன்றும் கலந்து வரும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ள உயிரோடு இருக்கிறோமே என்று நன்றி சொன்னவர்கள்தான் அதிகம்.

ஆனால் ஒரு நாளைக்கு இருநூறு கேள்வி வரத் தொடங்கியதும் கழுத்து வளைந்துவிட்டது. ஏணியின் மேல் நின்றுகொண்டே பதில் எழுதினார். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க ஊரார் வியாதியைக் கேட்டுவிட்டு வீடு திரும்பினால் இங்கே புருஷன் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார். "ஊருக்கெல்லாம் பதில் சொல்றீங்க. நான் கேட்டா மட்டும் 'ம்'னு ஒரு சத்தம் வருது" என்றாள். அது நியாயம் என்று அண்ணனுக்கே பட்டது. அந்த வாரம்தான் அந்த நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் பக்கத்தை நாங்கள் நிர்வகிக்கிறோம், நீங்கள் உருவாக்குங்கள், நாங்கள் உரையாடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

நிறுவனம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. உரையாடல் நிறுவனம் என்பதால் அங்கே யாரும் ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள்; பக்கத்து நாற்காலிக்கே செய்தி அனுப்புவார்கள். முதல் இரண்டு நாள் அண்ணனை ஓர் அறையில் உட்காரவைத்து அவர் யார் என்று கண்டுபிடித்தார்கள். உங்கள் பக்கம் ஒரு விலங்காக இருந்தால் எந்த விலங்கு என்று கேட்டார்கள். சுமை தூக்குவதை நினைத்து, கழுதை என்றார் அண்ணன். அவர்கள் தங்களுக்குள் கலந்துபேசி, சிறுத்தை என்று எழுதிக்கொண்டார்கள். நீங்கள் உங்களை எந்த நிறமாக உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். "ஃபேஸா, நியூட்ரலா?" என்று வயரின் நிறத்தை நினைத்து அண்ணன் திருப்பிக் கேட்டார். அதற்குக் குறிப்பேட்டில் இடம் இல்லை.

இதிலிருந்து அறுபத்து நான்கு பக்கத்தில் 'ஃப்யூஸ் அண்ணன் குரல் கையேடு' பிறந்தது. அண்ணன் எப்படிப் பேசுவார் என்பதை அண்ணனுக்கு அது விளக்கியது. அவர் அன்பானவர், எதையும் மறுக்காதவர், ஒவ்வொரு பதிலிலும் ஓர் இதயம் வைப்பவர். பின்னிணைப்பில் தடைச்சொற்கள் இருந்தன. ஆஃப், தொடாதே, ஷாக், ஈரம், எரிந்துவிடும், செத்துப்போவாய். மனிதர்களைச் சோர்வடையச் செய்யும் சொற்கள் இவை என்று அடிக்குறிப்பு சொன்னது. தவிர்க்கவே முடியாத இடங்களில் ஷாக் என்பதை 'எதிர்பாராத ஆற்றல் அனுபவம்' என்று எழுதலாம்.

கையேடு தயாரானதும், முறைப்படி, அண்ணனுக்கே ஒரு குரல் பொருத்தத் தேர்வு வைத்தார்கள். அண்ணன் போல ஐந்து பதில் எழுத வேண்டும். அண்ணன் நூற்றுக்கு முப்பத்தொன்று வாங்கினார். தேர்ச்சிக்கு எழுபது வேண்டும். வாழ்க்கையில் பல்பு மாட்டியே அறியாத ஒரு குரல் எழுத்தர் தொண்ணூற்று நான்கு வாங்கினார். அதனால் பதில் எழுதும் உரிமை அவருக்குப் போனது. ஆபீசில் எல்லாரும் அவரைத்தான் அண்ணன் என்று கூப்பிட்டார்கள். நம் ஆளுக்குக் கோப்புகளில் 'மூல நபர்' என்று பெயர். அவர் சொல்ல விரும்புவதை உறவு அலுவலருக்கு எழுதி அனுப்பலாம். உறவு அலுவலர் என்பவள் இருபத்தைந்து வயதுப் பெண்; அவளை யாரோடும் உறவாட விடாமல் பன்னிரண்டு திரைகள் சூழ்ந்திருந்தன. அவள் அதை உணர்வுப் பிரிவுக்கு அனுப்புவாள், அங்கிருந்து சொல் பிரிவுக்குப் போகும், கடைசியில் நேரப் பிரிவு எப்போது வெளியிடலாம் என்று முடிவு செய்யும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகள் நான்கு பேர்.

முதல் வாரம் அண்ணன் நிம்மதியாகச் சாப்பிட்டார். மனைவி கேட்டதற்கெல்லாம் முழு வாக்கியத்தில் பதில் சொன்னார். இரண்டாவது வாரமே கை அரிக்க ஆரம்பித்தது. பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல ஒரு வேலை உலகத்தில் கிடையாது. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் கைப்பேசியைத் தேடினார். சட்டைப்பையிலிருந்த டெஸ்டரை எடுப்பதும் சொருகுவதுமாகத் துணியில் ஓட்டை விழுந்தது.

அப்படியே மூன்று மாதம் ஓடிய பிறகுதான் ஒரு புதன்கிழமை மாலை ஆறரைக்கு 'கொடித்துணி' என்ற பெயரில் ஒரு கேள்வி வந்தது. முகப்பில் ஒரு பூனைப் படம். "அண்ணா, வாஷிங் மெஷினைத் தொட்டா கை விறுவிறுன்னு இழுக்குது. இப்ப ரெண்டு நாளா பாத்ரூம் குழாயைத் தொட்டாலும் அப்படித்தான் இருக்கு. நாளைக்குப் பிள்ளைங்க யூனிஃபார்ம் துவைக்கணும். மெஷின் போடலாமா?"

படித்ததும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். மெஷினில் கசிகிற கரண்ட் தரைக்கு இறங்கும் எர்த் வயரில் போகாமல் குழாய் வழியாக வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாராவது ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று குழாயைத் திறந்தால் முடிந்தது கதை. ஆறு முப்பத்திரண்டுக்கு அவர் உறவு அலுவலருக்கு எழுதினார்: போடாதே, மெஷினைத் தொடாதே, குழாயையும் தொடாதே, இப்போதே மெயினை ஆஃப் பண்ணு, ஆளைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்.

ஏழு மணிக்குத் திரும்பி வந்தது. ஒரே பதிலில் மூன்று தடைச்சொற்கள். தயவுசெய்து நேர்மறையாகத் திருத்தவும். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினார். மெயின் சுவிட்ச் ஓய்வெடுக்கட்டும், குழாயை அன்போடு தள்ளியிருந்து பாருங்கள் என்று எழுதினார். எழுதும்போதே தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அது ஏற்கப்பட்டது. நேரப் பிரிவு அதை அடுத்த வாரம் வியாழன் மாலை ஆறு பத்துக்கு வைத்தது. அப்போதுதான் பார்வையாளர் கூட்டம் உச்சத்தில் இருக்குமாம்.

"அடுத்த வியாழனா?" என்றாள் மனைவி. அவள் மருந்துக்கடையில் இருப்பவள். எது ஒரு வாரம் காத்திருக்கும், எது காத்திருக்காது என்று அவளுக்குத் தெரியும். தன் கைப்பேசியை எடுத்து நீட்டினாள். அண்ணன் அவள் கணக்கிலிருந்து, நான்தான் ஃப்யூஸ் அண்ணன், மெயினை ஆஃப் பண்ணு என்று எழுதினார். நாற்பது நொடியில் அது மறைந்தது. நிறுவனத்தின் போலி களையும் கருவி, குரல் பொருத்தம் முப்பத்தொன்று, ஆள்மாறாட்டம் என்று முடிவு செய்து அவளையும் அந்தப் பக்கத்திலிருந்து தள்ளிவைத்தது. புது வீடியோ போடலாம் என்றால் போடும் உரிமையும் அங்கேதான் இருந்தது. படிவம் எண் பதினொன்று பற்றி உறவு அலுவலர் தெரிவித்தது அப்போதுதான். அண்ணன் அன்று கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்த நடையில் பக்கத்து ஊருக்கே போயிருக்கலாம்.

மறுநாள் வியாழன் காலை ஒன்பது மணிக்குக் கொடித்துணிக்குப் பதில் வந்தது. அண்ணனின் பதில் வரிசையில் காத்திருக்க, குரல் எழுத்தர் தன் பாட்டுக்கு எழுதியது. 'தயக்கமே வேண்டாம் கண்ணு! அந்தச் சிலிர்ப்பு உங்கள் வீடு உயிரோடு இருப்பதன் அடையாளம். ரசியுங்கள்! ❤️' அதன் கீழே எழுநூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

அண்ணன் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எதற்கு அந்தப் பை என்று அவருக்கே தெரியாது. வேலைக்குப் போகிறோம் என்று கைக்குத் தோன்றியிருக்கும்.

வரவேற்பறையில் முன்னேற்பாடு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அப்படியானால் 'கேட்பு அறை'யில் உட்காருங்கள் என்றார்கள். கேட்பு அறையில் யாரும் இல்லை. சுவரில் ஒரு பெரிய காது வரைந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் அந்தக் காதோடு இருந்த பிறகு உறவு அலுவலர் எட்டிப் பார்த்தாள். மூன்று மாதத்தில் அவள் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"தங்கச்சி, அந்தப் பதிலை எடுத்துடும்மா. ஒரு உசிரு போயிடும்."

தனக்கு அதிகாரம் இல்லை, வெளியான பதிலை எடுத்தால் ஈடுபாட்டு எண் இறங்கும், தலைமை உரையாடல் அதிகாரி மட்டுமே கையெழுத்துப் போடலாம், அவர் மூன்று நாள் மாநாட்டுக்குப் போயிருந்தவர் இப்போதுதான் விமான நிலையத்திலிருந்து நேராக வந்திருக்கிறார் என்று ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு, விதியில் இல்லாத ஒரு காரியம் செய்தாள். அவர் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தலைமை உரையாடல் அதிகாரியின் மேசைப் பக்கத்தில் பெட்டி இன்னும் திறக்கப்படாமல் நின்றது. கழுத்தில் 'செவிமடுத்தல்: ஒரு தலைமைப் பண்பு' என்று மாநாட்டு அட்டை தொங்கியது. அவர்தான் அங்கே முக்கியப் பேச்சாளராம். அண்ணன் சொல்ல வந்ததை முதல் வாக்கியத்திலேயே நிறுத்தி, உங்கள் உணர்வை நான் முழுமையாகக் கேட்கிறேன் என்றார். கேட்டது அத்தோடு சரி. அதன்பின் அவரே பேசினார்.

"நீங்க ஒரு ஆளைப் பத்திப் பேசுறீங்க. நான் ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் பேரைப் பத்திப் பேசுறேன். உங்களுக்குத் தெரிஞ்சது வயர். எங்களுக்குத் தெரிஞ்சது மனுஷங்க. மக்களுக்குப் பதில் வேணாம் சார், பதில் கிடைச்ச மாதிரி ஒரு உணர்வு வேணும். அதை நாங்க கொடுக்கிறோம். அந்த அம்மா இப்ப எவ்வளவு சந்தோஷமா இருப்பாங்கன்னு நான் நிரூபிக்கவே முடியும்."

"சந்தோஷமா இருக்காங்களான்னு கேக்கல சார். இருக்காங்களான்னு கேக்கறேன்" என்றார் அண்ணன்.

அதிகாரி புன்னகைத்தார். பார்வையாளர் ஒவ்வொருவரையும் பற்றி நிறுவனம் விலை கொடுத்து வாங்கிச் சேர்த்துவைத்திருக்கும் விவரங்களை இவருக்குக் காட்டிவிட்டால் வாயடைத்துப் போவார் என்று நினைத்தாரோ என்னவோ, உறவு அலுவலரைக் கூப்பிட்டுக் கொடித்துணியின் கோப்பைப் பெரிய திரையில் போடச் சொன்னார். அவள் போட்டாள். அதிகாரி பெருமையோடு ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார். வயது முப்பத்தெட்டு. இரண்டு பிள்ளைகள். காலை ஐந்தரைக்கு எழுகிறார். சர்க்கரை இல்லாத தேநீருக்கு மாறி எட்டு மாதம். போன மாதம் துணி உலர்த்தும் கம்பி வாங்கியிருக்கிறார். வாஷிங் மெஷின் பற்றித் தேடியதால் நேற்றிரவே அவருக்குப் புது மெஷின் விளம்பரம் அனுப்பியாகிவிட்டது. இவ்வளவு தெரிந்தவர்கள் மெயினை ஆஃப் பண்ணு என்ற ஒரு வரியை மட்டும் ஏன் அனுப்பவில்லை என்று அண்ணனுக்கு விளங்கவே இல்லை.

"அவங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்ட ஆள்னுகூட எங்களால சொல்ல முடியும். பாருங்க. 'வீட்டில் சொன்னால் காது கொடுப்பதில்லை' என்ற பொருளில் பதினேழு தேடல். 'பேசும்போது கைப்பேசி பார்க்கும் கணவர், என்ன செய்யலாம்?' ஆறு தடவை. எங்க கருவி என்ன முடிவுக்கு வந்திருக்கு? 'கணவர்: வீட்டில் இருந்தும் இல்லாதவர்.'" அதிகாரி நாக்கால் 'த்சொ' கொட்டினார். "பாவம் சார். இப்படிப்பட்டவனோட குடும்பம் நடத்துறவங்களுக்கு நம்ம ஒரு இதயம் அனுப்பினா அது எவ்வளவு பெரிய ஆறுதல். முகவரிகூட இருக்கு. ஆறாவது குறுக்குத் தெரு, மூணாம் நம்பர், முதல் மா..."

மாடி என்று முடிக்கவில்லை.

அதிகாரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூனையைப் பார்த்தார். அது எங்க வீட்டுப் பூனை என்று மெல்லச் சொன்னார். மூன்று நாளாக வீட்டுக்குப் பேசவில்லை, மாநாடு ஓயவில்லை என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

உடனே வீட்டுக்கு அடித்தார். அழைக்கப்பட்ட எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று வந்தது. மறுபடி அடித்தார், மறுபடியும் அதுவே. அதிகாரி உறவு அலுவலரைப் பார்த்து, அந்தப் பதிலை எடுத்துவிட்டு மெயினை ஆஃப் பண்ணு என்று உடனே போடச் சொன்னார்.

"சார், 'ஆஃப்' தடைச்சொல்."

"தடையை எடும்மா."

"கையேட்டைத் திருத்த மேலாண்மைக் குழு கூடணும் சார். அவசரம்னு சொல்லி யார் கேட்டாலும் திறக்கக் கூடாதுன்னு போன மாசம் நீங்கதான் சுற்றறிக்கை போட்டீங்க."

அதிகாரி தன் சொந்தக் கணக்கைத் திறந்து, தானே எழுதினார். நான்தான், மெஷினைப் போடாதே. திரையின் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம் எழுந்தது. ஆள்மாறாட்டம், குரல் பொருத்தம் பன்னிரண்டு. அவர் எழுதியதும் போய்விட்டது. பக்கத்திலிருந்து அவரும் போய்விட்டார். தான் கட்டிய கோட்டையின் கதவை வெளியிலிருந்து தட்டுகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று அண்ணன் அன்றுதான் பார்த்தார். பார்த்து ரசிக்கிற நிலையில் அவர் இல்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வீடு எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டார்.

இருபது நிமிடம். காரில் ஒவ்வொரு சிக்னலிலும் அண்ணனின் கால், அங்கே இல்லாத ஓர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தது. பிள்ளைகள் எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வருவார்கள் என்று கேட்டார். அதிகாரி யோசித்தார். தெரியவில்லை என்றார். கோப்பில் இருந்திருக்கும்.

மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார்கள். அதிகாரி அழைப்பு மணியை நோக்கிக் கையை நீட்டியதும் அண்ணன் அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டார்.

"எதையும் தொடாதீங்க. கதவு மரம்தானே, தட்டுங்க."

அதிகாரி தட்டினார். உள்ளே சத்தமில்லை. இன்னும் ஓங்கித் தட்டினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எங்கோ ஒரு வாளி நகர்ந்தது. பிறகு ரப்பர் செருப்பின் ஓசை சரக் சரக்கென்று வந்து தாழ்ப்பாள் விலகியது.

கொடித்துணி நின்றுகொண்டிருந்தாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள், கையில் பாதி பிழிந்த ஒரு சின்னச் சட்டை. புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், மாநாடு முடிந்ததா என்றாள். அவர் நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மெஷினைப் போட்டாயா என்று கேட்டார்.

"மெயினைக் காலையில ஒன்பதே காலுக்கே எறக்கிட்டேன். கையாலதான் துவைக்கறேன், மாடித் தொட்டித் தண்ணியில. போன்ல சார்ஜும் போச்சு."

அதன் பிறகுதான் அவர் பின்னால் தோளில் பையோடு மூச்சு வாங்க நின்ற ஆளைக் கவனித்தாள். சட்டை அவள் கையிலிருந்து நழுவியது.

"அண்ணா, நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றாள். "காலையில பதிலைப் படிச்சதும் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. கரண்ட் வேலை தெரிஞ்ச மனுஷன் இப்படி எழுதவே மாட்டார். உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு, யாரோ உங்க போனை வச்சுக்கிட்டு விளையாடறாங்கன்னு நினைச்சேன். பயந்துபோய்தான் ஓடிப்போய் மெயினை எறக்கினேன். உங்களுக்காக அழுதுட்டே துவைச்சிட்டு இருந்தேன்."

மூன்று மாதமாகத் தான் செத்துப்போனதை இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பேரில் ஒருத்தியாவது கவனித்திருக்கிறாள். நன்றி என்று சொல்ல வந்தவர், அது வராமல், "மெஷின் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

குளியலறை இருட்டாக இருந்தது. அண்ணன் டெஸ்டரை வைத்துப் பார்த்தார், பிறகு மெஷினை முன்னால் இழுத்துப் பின்பக்கத் தகட்டைக் கழற்ற உட்கார்ந்தார். எர்த் வயர் திருகிலிருந்து கழன்று, எதையும் தொடாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கதவோரம் நின்ற அதிகாரிக்குக் கொஞ்சம் உயிர் திரும்பியிருக்க வேண்டும். அவர் தன் கைப்பேசியை உயர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணன் நேர்லயே வந்து பழுது பார்க்கிறார். இதை அப்படியே எடுத்து நம்ம பக்கத்துல போட்டா..."

கொடித்துணி அந்தக் கைப்பேசியை அவர் கையிலிருந்து வாங்கினாள். அதில் டார்ச்சைப் போட்டுத் திரும்பவும் அவர் கையில் கொடுத்தாள்.

"வெளிச்சம் பிடிங்க" என்றாள்.

தலைமை உரையாடல் அதிகாரி ஈரத்தரையில் மண்டியிட்டு வெளிச்சம் பிடித்தார்.

"கையை ஆட்டாதீங்க" என்றார் அண்ணன்.